தண்டுவடக் காயத்துக்குப் பின்: ஒரு பிசியோதெரபிஸ்டிடம் கேட்டவை

கேள்வி: தம்பிக்குக் கழுத்தில் அடிபட்டு நான்கு மாதம் ஆகிறது. காயம் சி6, அதாவது தண்டுவடத்தின் கழுத்துப் பகுதியில் ஆறாவது மட்டம் என்றார்கள். மணிக்கட்டைத் தூக்குகிறான், விரல்கள் அசையவில்லை. மடங்கியே இருப்பதால் தினமும் நீவி நிமிர்த்துகிறோம். சரிதானா?

பதில்: மணிக்கட்டு மேல்நோக்கி இருக்கும்போது மட்டும் விரல்களை நிமிர்த்தவே வேண்டாம். அவர் மணிக்கட்டைத் தூக்கினால் விரல்களின் தசைநார்கள் இழுபட்டு விரல்கள் தாமாக மூடும். கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் பக்கத்தில் வந்து ஒட்டும். மணிக்கட்டைத் தொங்கவிட்டால் திறக்கும். விரலில் பலமே இல்லாமல் கிடைக்கும் பிடி இது. பலர் இதை வைத்தே ஸ்பூன் பிடிக்கிறார்கள், பல் துலக்குகிறார்கள். மணிக்கட்டையும் விரல்களையும் சேர்த்து நிமிர்த்தி இழுத்தால் தசைநார் தளர்ந்து பிடி போய்விடும். மணிக்கட்டு கீழே தொங்கும்போது விரல்களை நிமிர்த்துங்கள், மேலே இருக்கும்போது மடங்கவிடுங்கள். அந்தக் கொஞ்சம் இறுக்கம் அவருடைய சொத்து. வீட்டில் கைப்பயிற்சி கொடுக்கும் எல்லோருக்கும் இதைச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: அப்பா மறுபடி நடப்பாரா?

பதில்: பரிசோதிக்காமல் யாரும் சொல்ல முடியாது. ஆசனவாய்ப் பகுதியில் உணர்ச்சியோ அசைவோ மிஞ்சியிருந்தால் அது பகுதிக் காயம், அதாவது தண்டுவடத்தின் தொடர்பு முழுதும் அறுபடவில்லை, வாய்ப்பு கூடுதல். பெரும்பாலான முன்னேற்றம் முதல் ஓராண்டுக்குள் தெரியும், அப்புறமும் மெல்லத் தொடரலாம். ஆனால் நடை வரட்டும் என்று மற்றப் பயிற்சிகளைத் தள்ளிப்போடாதீர்கள். கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்குத் தானே மாறத் தெரிந்தவருக்கு அன்றாட வாழ்க்கையில் பாதி திரும்பிவிடுகிறது.

கேள்வி: எனக்கு டி4 காயம், அதாவது தண்டுவடத்தின் மார்புப் பகுதியில் நான்காவது மட்டம். சில சமயம் திடீரென மண்டை பிளக்கும் தலைவலி, முகமெல்லாம் வியர்வை. மாத்திரை போட்டால் போதுமா?

பதில்: போதாது. டி6 அல்லது அதற்கு மேல் காயம் உள்ளவர்களுக்கு இது ஆபத்தான ரத்த அழுத்த ஏற்றமாக இருக்கலாம். உடனே நிமிர்ந்து உட்காருங்கள், கால்களைத் தொங்கவிடுங்கள், இறுக்கமான உடை, பெல்ட்டைத் தளர்த்துங்கள். சிறுநீர் வெளியேறப் போட்ட கத்தீட்டர் குழாய் மடங்கியிருக்கிறதா, சிறுநீர்ப்பை நிறைந்திருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் காரணம் அங்கேதான். அடுத்தது மலச்சிக்கல், புண், உள்வளர்ந்த நகம். காரணம் கிடைக்காவிட்டாலும், அழுத்தம் இறங்காவிட்டாலும் அவசர சிகிச்சைக்குப் போங்கள். இதை ஒரு சீட்டில் எழுதிக் கையோடு வைத்திருங்கள், இதைப் பார்த்திராத மருத்துவர்களும் உண்டு.

கேள்வி: படுக்கைப்புண் வராமலிருக்க?

பதில்: நாற்காலியில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை முன்னால் சாய்ந்து இரண்டு நிமிடம் வரை இருங்கள். கையை ஊன்றிச் சட்டென்று எழும்பி இறங்குவது பத்தாது, ரத்தம் திரும்பி வர நேரம் வேண்டும், தோளும் தேயும். காலையும் இரவும் கண்ணாடி வைத்துத் தோலைப் பாருங்கள்.

கேள்வி: கணவருக்கு எல்லாம் நானே செய்கிறேன். அப்படியும் எரிந்து விழுகிறார்.

பதில்: உங்கள் களைப்பு எனக்குப் புரிகிறது. எதைத் தானே செய்ய விரும்புகிறார் என்று அவரிடமே கேளுங்கள். சட்டை போட அரைமணி ஆனாலும் கை நீட்டாதீர்கள். முடியாத வேலையிலும் எப்போது, எப்படி என்று அவரே சொல்லட்டும். பொத்தான் போட உதவும் கொக்கி, நீளக் கைப்பிடி வைத்த ஸ்பாஞ்ச் எல்லாம் இருக்கின்றன. எது அவருக்குப் பொருந்தும் என்று அன்றாட வேலைகளைச் செய்யப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் ஒருமுறை காட்டிக் கேளுங்கள்.