கொழுப்பு அடைப்பு இல்லாமலே மாரடைப்பு: ஸ்டென்ட் ஏன் வைக்கவில்லை?

"சர்க்கரை இல்லை, கொழுப்பு இல்லை. 42 வயது அக்காவுக்கு இதயக் குழாய் தானாகக் கிழிந்து மாரடைப்பாம். ஸ்டென்ட்கூட வைக்கவில்லை, ஏன்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வைக்காதது பெரும்பாலும் சரியான முடிவுதான். குழாய்ச் சுவரின் அடுக்குகளுக்கு நடுவே ரத்தம் தேங்கி உள்வழியை நெருக்குகிறது. அங்கே கம்பி, பலூன் நுழைத்தால் கிழிசல் இன்னும் நீளலாம். விட்டுவைத்தால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ தானே ஆறிவிடும். முதல் சில நாள் மருத்துவமனைக் கண்காணிப்பு மட்டும் கட்டாயம். வலி ஓயாவிட்டாலோ, ரத்த அழுத்தம் சரிந்தாலோ, இடது பிரதான குழாயே கிழிந்திருந்தாலோ ஸ்டென்ட், பைபாஸ் என்று போகத்தான் வேண்டியிருக்கும்.

கண்டுபிடிப்பதுதான் சிக்கல். ஈசிஜியும் ட்ரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனையும் மாரடைப்பு என்று சொல்லும், காரணத்தைச் சொல்லாது. ஆஞ்சியோவில் கிழிசல் கோடு பல நேரம் தெரியாது. நீளமாக, வழவழப்பாகச் சுருங்கிய குழாய்தான் தெரியும். பழகாத கண் தவறவிடும். சந்தேகம் தீராவிட்டால் குழாய்க்குள் செலுத்தி எடுக்கும் ஓசிடி படம் உதவும், அதிலும் அபாயம் உண்டு. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி இதற்கு ஆகாது.

பாதிக்கப்படுவோரில் ஏறக்குறைய 10-ல் 9 பேர் பெண்கள். பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களிலும் வருகிறது. பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் குறைக்கும் மாத்திரை) எழுதிக் கொடுத்திருந்தால் அக்கா தானாக நிறுத்த வேண்டாம். கழுத்து, சிறுநீரக ரத்தக்குழாய்களை ஸ்கேன் பார்த்தார்களா என்று கேளுங்கள். சுவர்க் கோளாறு அங்கும் இருப்பதுண்டு.