தேதி குறிப்பது யார்? ஈராக் போரும் அமெரிக்கக் கட்சிகளும் – கேள்வி பதில்

2007ஆம் வருடம் முழுக்க அமெரிக்க காங்கிரசில், அதாவது செனட், பிரதிநிதிகள் சபை என்ற இரு சபைகள் கொண்ட அவர்களின் நாடாளுமன்றத்தில், ஓடியது ஒரே சண்டை. ஈராக்கிலிருந்து படைகளைத் திரும்ப அழைக்கத் தேதி குறிப்பதா, கூடாதா? அந்த வாக்கெடுப்புகளை நான் கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பதுபோலத் தொடர்ந்து வந்தவன். அதைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

சார், அடிப்படைச் சந்தேகம். போர் மக்களுக்குப் பிடிக்கவில்லை. தேர்தலில் எதிர்க்கட்சியும் ஜெயித்துவிட்டது. அப்புறம் ஏன் படைகள் திரும்பவில்லை?

2006 நவம்பர் தேர்தலில் புஷ்ஷின் குடியரசுக் கட்சியிடமிருந்து ஜனநாயகக் கட்சிக்குக் கைமாறியது காங்கிரஸ் மட்டும்தான். அதிபர் நாற்காலியில் 2009 ஜனவரி வரை புஷ்தான். தேர்தல் முடிந்த மறுநாளே பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்ட் விலகினார். அதைப் பார்த்துப் போர் முடியப்போகிறது என்று பலர் நினைத்தார்கள். இரண்டு மாதம் கழித்து, 2007 ஜனவரி 10 அன்று, இன்னும் 20,000க்கு மேற்பட்ட வீரர்களை அனுப்பப்போவதாக அறிவித்தார் புஷ். தேர்தல் முடிவை ஜனநாயகக் கட்சி ‘போதும், வாருங்கள்’ என்று படித்தது. புஷ் அதையே ‘இந்த லட்சணத்தில் நடத்தாதே’ என்று படித்தார்.

அரசியல் சட்டமும் இழுபறிக்கு இடம் வைத்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது. போரை அறிவிப்பதும் பணம் ஒதுக்குவதும் காங்கிரஸ் கையில். படைகளுக்குத் தலைமைத் தளபதி அதிபர். அவர் விருப்பத்துக்கு எதிராக ஒரு சட்டம் வர வேண்டுமானால் செனட்டில் நடைமுறையில் 60 ஓட்டு வேண்டும். அதன் பிறகு அவர் வீட்டோ செய்தால், அதாவது மசோதாவை மறுத்துத் திருப்பினால், இரண்டு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். செனட்டில் ஜனநாயகக் கட்சியின் பலமோ ஏட்டளவில் 51. அதிலும் ஜோ லீபர்மன் போரை ஆதரித்தவர். டிம் ஜான்சன் மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு மாதக்கணக்கில் சபைக்கே வரவில்லை. மீதி 49. இதை வைத்துக்கொண்டு போரை நிறுத்து என்றால் எப்படி?

அந்த நிதி மசோதா விவகாரத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்களேன். செய்தியாகப் படித்ததில் பாதி புரியவில்லை.

ஈராக், ஆப்கானிஸ்தான் போர்ச் செலவை புஷ் அரசு வழக்கமான பட்ஜெட்டில் முழுதாகச் சேர்க்காமல் ‘அவசரத் துணை நிதி’ என்று தனியாகக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தது. இந்த முறை சபாநாயகர் நான்சி பெலோசி ஒரு வேலை செய்தார். பணம் தருகிறோம், ஆனால் படைகள் திரும்பக் கெடு உண்டு என்று இரண்டையும் ஒரே மசோதாவில் கட்டிவிட்டார்.

மார்ச் 23 அன்று பிரதிநிதிகள் சபையில் 218க்கு 212 என்று நிறைவேறியது. அந்த 218ஐச் சேர்க்க அவர் பட்ட பாடு இருக்கிறதே! ஒரு பக்கம், போருக்கு ஒரு டாலர்கூடத் தர மாட்டோம் என்ற இடதுசாரி உறுப்பினர்கள். இன்னொரு பக்கம், குடியரசுக் கட்சி வலுவாக உள்ள தொகுதிகளில் தப்பிப் பிழைத்து வந்திருந்த மிதவாதிகள். ஓட்டுக்காக மசோதாவில் கீரை விவசாயிகளுக்கு நிவாரணம், வேர்க்கடலை சேமிப்புக்கு மானியம் என்றெல்லாம் செருகினார்கள். எதிர்த்தரப்புக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி. வீரனின் தோட்டாவையும் வேர்க்கடலையையும் ஒரே பையில் போட்டுவிட்டார்கள் என்று கிழித்தார்கள். நியாயமான கேலிதான்.

இரு சபைகளும் சேர்ந்து முடிவு செய்த வடிவம் ஏப்ரல் கடைசியில் நிறைவேறியது. சுமார் 12,400 கோடி டாலர். அக்டோபர் 1க்குள் திரும்பத் தொடங்க வேண்டும் என்று நிபந்தனை. மே 1 அன்று புஷ்ஷிடம் போனது. அது தற்செயல் இல்லை. சரியாக நான்கு வருடத்துக்கு முன், 2003 மே 1 அன்று, விமானந்தாங்கிக் கப்பலில் ‘பணி முடிந்தது’ என்ற பேனருக்கு முன்னால் நின்று புஷ் பேசிய நாள் அது. அதே நாளில் அவர் வீட்டோ செய்தார். ஈராக்கில் மகனை இழந்த ஒரு தந்தை கொடுத்த பேனாவால் அந்த மறுப்பில் கையெழுத்திட்டார். நாடகம் இரண்டு பக்கமும்தான்.

வீட்டோவை முறியடிக்கும் வாக்கெடுப்பு மறுநாள் நடந்தது. 222க்கு 203. மூன்றில் இரண்டு பங்குக்கு 60 ஓட்டுக்கு மேல் குறை. கடைசியில் மே 24 அன்று கெடு இல்லாமலே பணம் ஒதுக்கப்பட்டது. அந்த நிதி ஒதுக்கீட்டைச் சபையில் வர அனுமதித்த பெலோசியே அதற்கு எதிராக ஓட்டுப் போட்டார். அடுத்த வருடம் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் இடத்துக்கு மோதவிருந்த ஒபாமாவும் ஹிலாரி கிளின்டனும் செனட்டில் எதிர்த்தார்கள். அதே மசோதாவில் குறைந்தபட்ச ஊதியத்தை மணிக்கு 5.15 டாலரிலிருந்து படிப்படியாக 7.25 ஆக்கும் பிரிவும் இருந்தது. போரை நிறுத்தப் போனவர்கள் ஊதிய உயர்வோடு திரும்பினார்கள்.

இவ்வளவு சுற்றுவழி எதற்கு? பணத்தை நிறுத்தினால் போர் தானாக நிற்குமே. காங்கிரசுக்கு அந்த அதிகாரம் இருக்கிறதல்லவா?

இருக்கிறது. அதை எடுத்துப் பயன்படுத்தத்தான் ஆள் இல்லை. 2007 மே மாதம் செனட்டில் ரஸ் ஃபைன்கோல்ட் அதை நேரடியாகக் கொண்டுவந்தார். 2008 மார்ச்சுக்குப் பிறகு ஈராக் போருக்குப் பணம் கிடையாது, சில குறிப்பிட்ட வேலைகளுக்கு மட்டும் விலக்கு. கிடைத்தது 29 ஓட்டு. எதிராக 67. போரைக் கடுமையாக விமர்சித்தவர்களில் பலரும் அந்த 67இல் இருந்தார்கள்.

காரணம் எளிது. ‘பணம் நிறுத்தம்’ என்றாலே ‘களத்தில் நிற்கும் பையனுக்குத் தோட்டா நிறுத்தம்’ என்று தேர்தல் விளம்பரம் வரும். உண்மையில் யாரும் தோட்டாவை நிறுத்தச் சொல்லவில்லை. பல மாத அவகாசம் கொடுத்து, படைகள் திரும்பும் செலவையும் கொடுத்துத்தான் நிறுத்துவார்கள். ஆனால் முப்பது விநாடி விளம்பரத்தில் அதை யார் விளக்குவது?

வியட்நாமில் காங்கிரஸ் பணத்தை நிறுத்தியதே என்பார்கள். 1973இல் நிறுத்தியது உண்மை, ஆகஸ்ட் 15 முதல். ஆனால் அமெரிக்கத் தரைப்படை அதற்குள் வியட்நாமை விட்டு வந்தாயிற்று. மிஞ்சியிருந்தது கம்போடியா மீதான குண்டுவீச்சுதான். போர் நடந்துகொண்டிருந்த 1970இல் செனட்டர்கள் மெக்கவர்னும் ஹாட்ஃபீல்டும் கொண்டுவந்த கெடுத் திருத்தம் 55க்கு 39 என்று தோற்றது. ஆட்கள் திரும்பிய பிறகு பணத்தை நிறுத்துவது சுலபம். ஆட்கள் அங்கே நிற்கும்போது நிறுத்துவதற்குத்தான் கை நடுங்குகிறது. என் பார்வையில் மொத்தப் பிரச்சினையே இதுதான்: வெளியேற வேண்டும் என்று சொல்ல நிறையப் பேர், அந்த வெளியேற்றத்தில் தன் கையெழுத்து இருக்கச் சம்மதிப்பவர் யாருமில்லை.

அங்கே கொறடா உத்தரவு கிடையாதா தோழர்?

கொறடா உண்டு, பதவி பறிக்கும் சட்டம் கிடையாது. கட்சிக்கு எதிராக ஓட்டுப் போட்டாலும் உறுப்பினர் பதவி போகாது. ஆனால் அடுத்த உட்கட்சித் தேர்தலில் சொந்தக் கட்சி வாக்காளர்களே கணக்குத் தீர்ப்பார்கள். மேரிலாந்தின் வேய்ன் கில்கிரெஸ்ட் வியட்நாமில் போரிட்ட குடியரசுக் கட்சிக்காரர். மார்ச் மசோதாவை ஆதரித்த இரண்டே குடியரசுக் கட்சியினரில் ஒருவர். 2008 உட்கட்சித் தேர்தலில் தோற்றார். எதிர்ப்பக்கத்தில் லீபர்மன், போரை ஆதரித்ததற்காக 2006இல் ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் தோற்று, சுயேச்சையாக நின்று ஜெயித்தவர். கொறடாவைவிட இந்த பயம் பெரியது.

வணக்கம் ஐயா. கூடுதல் படை அனுப்பியது பலன் தந்ததா இல்லையா? ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

வன்முறை குறைந்தது. அதை மறுப்பவர்கள் பிடிவாதம் பிடிக்கிறார்கள் என்றே சொல்வேன். முதலில் எகிறியது, அமெரிக்க வீரர்கள் அதிகம் இறந்த வருடம் 2007தான், 900க்கு மேல். பிறகு 2008இல் வேகமாக இறங்கியது.

ஆனால் அது கூடுதல் படையால் மட்டும் என்று சொல்வதும் சரியில்லை. அன்பார் மாகாணத்தின் சுன்னி இனக்குழுத் தலைவர்கள் அல்கொய்தாவை எதிர்த்துத் திரும்பியது புஷ்ஷின் அறிவிப்புக்கு முன்பே, 2006இல். ஷியா தலைவர் முக்ததா அல் சதர் 2007 ஆகஸ்டில் தன் படையை அடக்கிவைத்தார். பாக்தாத்தின் பல பகுதிகளில் ஷியாவும் சுன்னியும் அதற்குள் பிரிந்து போயிருந்தார்கள். துரத்த ஆள் மிச்சமில்லாத தெருவில் அமைதி வருவதில் ஆச்சரியம் இல்லை. இவையெல்லாம் கூடியதால் நடந்தது. எது எவ்வளவு என்று பிரித்து எடைபோட்டுச் சொல்பவரை நம்பாதீர்கள்.

அரசியலில் இதன் விளைவு வேறு. செப்டம்பரில் தளபதி டேவிட் பெட்ரேயஸ் காங்கிரசில் சாட்சியம் சொன்ன நாளில், போர் எதிர்ப்பு அமைப்பு ஒன்று அவர் பெயரைத் ‘துரோகம்’ என்ற பொருள் வரும்படித் திரித்து நாளிதழில் விளம்பரம் போட்டது. பேச்சு முழுக்க அந்த விளம்பரத்தைப் பற்றியே ஆனது. அடுத்த வாரமே செனட்டர் ஜிம் வெப்பின் திருத்தம் 56க்கு 44 என்று, 60ஐ எட்டாமல் விழுந்தது. என்னைக் கேட்டால் அந்த வருடத்தின் உருப்படியான யோசனை அதுதான். கெடு எதுவும் இல்லை. ஒரு வீரர் எத்தனை மாதம் களத்தில் இருந்தாரோ அத்தனை மாதமாவது வீட்டில் இருக்கட்டும் என்பது மட்டுமே. தரைப்படையின் களப்பணியை அந்த ஏப்ரலில்தான் 12 மாதத்திலிருந்து 15 ஆக நீட்டியிருந்தார்கள். வெப் முன்னாள் மரைன் (கடல்வழித் தாக்குதலுக்கான தனிப் படையின் வீரர்), ரீகன் ஆட்சியில் கடற்படைச் செயலர். அவர் மகனும் ஈராக்கில் பணியாற்றியவர்.

கடைசியில் யார்தான் தேதி குறித்தது? ஒபாமாதானே?

புஷ்! தேதி குறித்தால் எதிரி காத்திருப்பான் என்று வீட்டோ போட்ட அதே புஷ் அரசு, 2008 நவம்பரில் ஈராக் அரசோடு ஒப்பந்தம் போட்டது. 2009 ஜூன் 30க்குள் நகரங்களை விட்டு வெளியே, 2011 டிசம்பர் 31க்குள் நாட்டை விட்டே வெளியே. தேதி கேட்டது ஈராக்கியர்கள். அமெரிக்கச் செனட்டர்களுக்குச் சொன்ன பதிலை அவர்களிடம் சொல்ல முடியவில்லை. அடுத்த மாதம் இந்த ஒப்பந்தத்துக்காக பாக்தாத் போனபோதுதான் பத்திரிகையாளர் ஒருவர் புஷ் மீது ஷூ வீசினார்.

ஒபாமா கொஞ்சம் படையை மட்டும் 2011க்குப் பிறகும் வைத்திருக்கப் பேசிப்பார்த்தார். அமெரிக்க வீரர்கள் மீது ஈராக் நீதிமன்றத்தில் வழக்கு வராது என்ற பாதுகாப்பை ஈராக் நாடாளுமன்றம் தரத் தயாராக இல்லை. டிசம்பர் 18 அன்று கடைசி வாகனங்கள் குவைத்துக்குள் போயின. 2014இல் ஈராக்கின் மொசூல் நகரம் ஐஎஸ் தீவிரவாத அமைப்பின் கையில் விழுந்தபோது ‘ஒபாமா ஓடிவந்ததால்’ என்றது ஒரு கட்சி, ‘தேதி புஷ் போட்டது’ என்றது இன்னொன்று. இரண்டிலும் பாதி உண்மை. ஈராக் பிரதமர் மாலிகி சுன்னிகளை ஓரங்கட்டியதை இரு தரப்பும் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்கள், ஏனென்றால் அவரை இருவருமே ஆதரித்தவர்கள்.

ஆப்கானிஸ்தானிலும் இதே கதைதானா?

வேடம் மட்டும் மாறியது. 2020 பிப்ரவரியில் தலிபானோடு ஒப்பந்தம் போட்டு வெளியேறும் தேதியைக் கொடுத்தது டிரம்ப் அரசு. அதைச் சில மாதம் தள்ளி, 2021 ஆகஸ்டில் முடித்தது பைடன். 2007இல் கெடுவை எதிர்த்த கட்சியின் அதிபர் கெடு கொடுத்தார். காபூல் விழுந்ததும் யார் கொடுத்த கெடு என்ற சண்டை.

அமைதிப்படை இலங்கையிலிருந்து திரும்பியதோடு இதை ஒப்பிடலாமா அண்ணா?

ஓரளவுக்கு. 1987 ஜூலையில் ராஜீவ் காந்தி போட்ட ஒப்பந்தத்தால் போன படை. 1989இல் இலங்கை அதிபர் பிரேமதாசாவே வெளியேறச் சொன்னார். அழைத்த நாடே போகச் சொல்வது ஈராக்கிலும் நடந்ததுதான். ஆட்சி மாறி, வி. பி. சிங் காலத்தில் 1990 மார்ச் 24 அன்று கடைசி அணி திரும்பியது. சுமார் 1,200 வீரர்கள் இறந்திருந்தார்கள். சென்னைக்கு வந்த வீரர்களை வரவேற்க முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை.

பெரிய வித்தியாசம் ஒன்று. இந்தியாவில் படையை அனுப்பவோ அழைக்கவோ நாடாளுமன்ற ஓட்டு தேவையில்லை. அதனால் யார் எந்தப் பக்கம் நின்றார் என்ற கணக்கு பதிவாகவே இல்லை. நாம் பேச்சுகளை வைத்து வாதிடுகிறோம், அவர்கள் எண்களை வைத்து.

போர் நடக்கும்போது அதை எதிர்ப்பது வீரர்களுக்குச் செய்யும் துரோகம் இல்லையா? நேரடியாகவே கேட்கிறேன்.

நேரடியாகவே சொல்கிறேன்: இல்லை. மெக்சிகோ போரின்போது முதல் முறை உறுப்பினரான ஒருவர், முதல் ரத்தம் சிந்திய இடம் உண்மையில் அமெரிக்க மண்தானா, காட்டுங்கள் என்று அதிபர் போல்க்கைக் குடைந்தார். 1848 ஜனவரியில், அந்தப் போரை அதிபர் தேவையின்றி, அரசியல் சட்டத்துக்கு விரோதமாகத் தொடங்கினார் என்ற வாசகத்துக்கு 85க்கு 81 என்று ஓட்டு விழுந்தது, அவரும் ஆதரித்தார். அதே சமயம் படைக்குத் தேவையான பணத்துக்கும் ஓட்டுப் போட்டார். பெயர் ஆபிரகாம் லிங்கன்.

இத்தனை பேரில் உங்கள் மனதில் நிற்பவர் யார்?

வால்டர் ஜோன்ஸ். வட கரோலினாவின் குடியரசுக் கட்சிக்காரர், மரைன் முகாம் உள்ள தொகுதி. 2003இல் பிரான்ஸ் போரை எதிர்த்த கோபத்தில், நாடாளுமன்ற உணவகத்தில் ‘ஃபிரெஞ்ச் ஃபிரைஸ்’ என்ற பெயரை ‘ஃப்ரீடம் ஃபிரைஸ்’ என்று மாற்ற வைத்தவர்களில் ஒருவர். உலகமே சிரித்தது. அதே வருடம் ஒரு மரைன் வீரரின் இறுதிச் சடங்குக்குப் போனார். அங்கிருந்து மெல்ல மாறினார். இறந்தவர்களின் படங்களைத் தன் அலுவலக வாசலில் வரிசையாக மாட்டினார். அவர்களின் குடும்பங்களுக்கு ஆயிரக்கணக்கில் கடிதங்கள் அனுப்பினார், ஒவ்வொன்றிலும் தானே கையெழுத்திட்டு. 2019இல் இறக்கும்வரை அதே தொகுதிதான் அவரைத் திரும்பத் திரும்ப அனுப்பியது. மேலே சொன்ன இரண்டு குடியரசுக் கட்சியினரில் மற்றொருவர் இவர்தான். அந்த 218இல் இவர் ஓட்டும் ஒன்று.