ஔவையும் கோபித்துக்கொண்டார்

கேள்வி: எங்களுக்கு மூன்று ஏக்கர் பெங்களூரா மாந்தோப்பு. 2025 சீசனில் கிலோ ஐந்து ரூபாய்க்குத்தான் கேட்டார்கள். பறிப்புக் கூலியும் வண்டி வாடகையும் போக ஒன்றும் நிற்கவில்லை. இரண்டாவது பறிப்பை விட்டுவிட்டோம். காயெல்லாம் மரத்தடியிலேயே அழுகிப்போனது. ஓசூரில் வேலை பார்க்கும் மகன், "பாசிட்டிவா இரும்மா, தினமும் நன்றி சொல்ல அஞ்சு விஷயம் எழுது, மனசு சரியாயிடும்" என்கிறான். நோட்டைத் திறந்தாலே எரிச்சல்தான் வருகிறது. (முதல் பறிப்புக்கு வந்த பெண்கள் நிலைமையைப் பார்த்துப் பாதிக் கூலிதான் வாங்கினார்கள்.) நான் நன்றி கெட்டவளா?
- ஒரு வாசகி, போச்சம்பள்ளி

பதில்: இல்லை அம்மா. நட்டத்துக்கு நன்றி சொல்லச் சொன்னால் யாருக்கும் எரிச்சல் வரத்தான் செய்யும்.

மகன் மேல் கோபம் வேண்டாம். அவன் சொன்னது வெறும் பேச்சில்லை. ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லஃப் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2003-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சிலரை வாரம் ஒருமுறை, நன்றியாக நினைக்கும் ஐந்து விஷயங்கள் வரை எழுதச் சொன்னார்கள். வேறு சிலரை அந்த வாரத்துத் தொல்லைகளை எழுதச் சொன்னார்கள். நன்றியை எழுதியவர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றிக் கூடுதல் நிறைவாகச் சொன்னார்கள். ஆனால், விளைச்சலுக்கு விலை இல்லாதவரிடம் நோட்டைக் கொடுத்து வாயை மூடச் சொல்ல அந்த ஆய்வை யாரும் செய்யவில்லை. உங்கள் எரிச்சல் நன்றியின் மேல் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. பேச வேண்டியதைப் பேசவிடாமல் அந்த நோட்டு தடுக்கிறதோ என்ற பயத்தில் வந்தது.

இதற்கு நம் ஊரிலேயே ஒரு பெரியவர் வழிகாட்டியிருக்கிறார். பழைய தகடூர்தான் இன்றைய தருமபுரி. அங்கே ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி ஔவையாருக்கு நெல்லிக்கனி கொடுத்த கதை பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். புறநானூற்றின் 91-ஆம் பாட்டில் அதற்கு ஔவை நன்றி சொல்கிறார். எப்படிச் சொல்கிறார் என்று பாருங்கள். கனி ஏறுவதற்கரிய மலைப்பிளவில் இருந்தது. அதன் பயனை நீ வெளியே சொல்லவில்லை, உனக்குள்ளேயே அடக்கிக்கொண்டாய். நான் சாகாமல் இருக்க எனக்குத் தந்துவிட்டாய். யார், எதை, எந்தச் சிரமத்தில் செய்தார் என்று ஒன்று விடாமல் சொல்கிறார்.

அதே ஔவை, அதே அதியமான், 206-ஆம் பாட்டு. பரிசில் தராமல் காலம் நீட்டிக்கிறான். ஔவை பொறுத்துக்கொண்டு உட்காரவில்லை. வாயில்காவலனைக் கூப்பிட்டு, 'உன் அரசனுக்குத் தன்னைத் தெரியவில்லையா, என்னைத் தெரியவில்லையா' என்று கேட்கிறார். மரவேலை செய்யும் தச்சனின் பிள்ளைகள் கோடாலியோடு காட்டுக்குள் போனால் அவர்களுக்கு மரத்துக்கா பஞ்சம் என்கிறார். 'எத்திசைச் செலினும் அத்திசைச் சோறே' என்று முடிக்கிறார். நெல்லிக்கனிக்கு நன்றி சொன்ன வாய்தான் இதையும் கேட்டது. அதற்காக ஔவையை யாரும் நன்றி கெட்டவர் என்று சொன்னதில்லை.

வள்ளுவர் வைத்த தலைப்பும் 'செய்ந்நன்றி அறிதல்'. பழந்தமிழில் நன்றி என்றால் நன்மை. ஒருவர் செய்த நன்மையை அறிந்து வைத்திருப்பதுதான் அங்கே பேச்சு. அறிவதற்கு மனசு குளுகுளுவென்று இருக்கத் தேவையில்லை. கடுப்பில் இருக்கும்போதும் அறியலாம்.

சரி, தோப்புக்கு வருவோம். பெங்களூரா பெரும்பாலும் கூழ் ஆலைக்குப் போகிற காய். ஆலை எடுக்காவிட்டால் அதற்கு வேறு பெரிய சந்தை இல்லை. செந்தூராவைப் போல, மல்கோவாவைப் போலத் தெருவில் கூவி விற்றுவிட முடியாது. ஆகவே விலை சரிந்ததில் உங்கள் தவறு எதுவும் இல்லை, உங்கள் மனநிலையின் தவறும் இல்லை. 2025-ல் பக்கத்துச் சித்தூர் பகுதியில் இதே காய்க்கு ஆந்திர அரசு கிலோவுக்கு 4 ரூபாய் சேர்த்துக் கொடுத்தது. அங்கே விவசாயிகள் வாய் திறந்து கேட்டார்கள். நீங்களும் கேளுங்கள். கலெக்டர் அலுவலகத்தில் மாதாமாதம் விவசாயிகள் குறைதீர் கூட்டம் நடக்கிறது. என்ன விலைக்கு விற்றீர்கள், பறிப்புக்கு எவ்வளவு, வண்டிக்கு எவ்வளவு என்ற கணக்கை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். பாசிட்டிவ் என்று மகன் சொல்கிறானே, என் கணக்கில் அது இதுதான்: ஔவை சொன்ன கோடாலி நம் கையில் இருக்கிறது என்ற தைரியம். உங்கள் கோடாலி, இத்தனை வருஷம் மா வளர்த்த கை. தோப்பில் ஒரு வரிசை மரங்களில் மட்டும் கிளைகளை வெட்டிவிட்டு, புதிதாகத் துளிர்க்கிற கிளையில் செந்தூரா ஒட்டுக் கட்டலாமா என்று தோட்டக்கலைத் துறை ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள். பழைய மரத்திலும் செய்கிற வேலைதான் அது. முழுத் தோப்பிலும் ஒரே வருஷத்தில் கைவைத்துவிடாதீர்கள்.

அப்புறம் அந்த நோட்டு. உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது, அடைப்புக்குறிக்குள் நீங்கள் போட்ட ஒரு வரி. பாதிக் கூலி வாங்கிய பெண்கள். அவர்களுக்கும் அது சீசன்தான். அந்தக் கூலியை நம்பித்தான் அவர்கள் வீட்டிலும் அடுப்பு எரியும். ஏறுவதற்கரிய மலைப்பிளவிலிருந்து வந்த நெல்லிக்கனி உங்கள் தோப்புக்குள்ளேயே வந்திருக்கிறது, நீங்கள் அதை அடைப்புக்குறிக்குள் வைத்துவிட்டீர்கள். தினமும் ஐந்து விஷயம் தேட வேண்டாம். அந்தப் பெண்களின் பெயர்களை ஒவ்வொன்றாக எழுதுங்கள். நேரில் பார்க்கும்போது, 'அன்னைக்கு நீங்க செஞ்சதை நான் மறக்கலை' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில், கொடுக்காமல் நிற்கிற மீதிக் கூலி எவ்வளவு என்பதையும் எழுதி வையுங்கள். அடுத்த சீசனில் முதல் பணம் கைக்கு வந்ததும் கொடுக்க வேண்டியது அது.