எங்க லேப்ரடாருக்கு முடி பயங்கரமா கொட்டுது, கோடைக்கு மொட்டை அடிச்சுட்டா குறையுமா?

அடிக்காதீங்க. இந்தக் கேள்வியைப் பார்த்ததும் தையல் மெஷினை நிறுத்திட்டு எழுத உட்கார்ந்தேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இதே கேள்வியோட நான் அலைஞ்சேன். சரியா சொல்ல ஆள் இல்லாம அடிச்சும் விட்டேன்.

நீங்க எந்த ஊர்னு போடல. வெயில் ஊராத்தான் இருக்கணும். வீட்ல பெரியவங்க யாராவது "பாவம், வாயில்லா ஜீவன், இவ்ளோ முடியோட வேகுது"ன்னு சொல்லியிருப்பாங்க. எங்க வீட்ல மாமியார் சொன்னாங்க. அவங்க மேல தப்பு இல்ல. பாசத்துல சொன்னதுதான்.

நான் வேலூர் சத்துவாச்சாரி. முன் ரூம்ல 16 வருஷமா ஜாக்கெட், சுடிதார் தைக்கிறேன். ரோஸி வெளிர் மஞ்சள் லேப்ரடார். பையன் காலேஜ் படிக்கும்போது தூக்கிட்டு வந்தான். அவன் வேலைக்குப் பெங்களூரு போயிட்டான், ரோஸி என்கிட்டயே தங்கிட்டா. பகல்ல நான் தைக்கிற மேஜைக்கு அடியிலதான் படுத்திருப்பா. அதனால முடி எங்கெல்லாம் போகும்னு எனக்குத் தெரியும். பாபின் கேஸைக் கழட்டினா உள்ள நூலோட நாய் முடி சுத்தியிருக்கும். அயர்ன் பண்ற போர்வையில இருக்கும். ஒட்டுத்துணி மூட்டையில இருக்கும்.

ஒரு முகூர்த்தத்துக்குக் கருநீலப் பட்டுல ஜாக்கெட் தைச்சிருந்தேன். லைனிங் வைச்சு, கொக்கி கட்டி, உதறி மடிச்சுத்தான் கொடுத்தேன். பொண்ணோட அம்மா வெளிச்சத்துல பிரிச்சுப் பார்த்துட்டு, "இன்னாக்கா இது, கை பூரா நாய் முடியா கீது, இத்த போட்டுனு எம்பொண்ணு மணையில உக்காரணுமா?"ன்னு கேட்டாங்க. பக்கத்துல இன்னும் ரெண்டு கஸ்டமர் நின்னாங்க. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. பத்து வருஷமா என்கிட்ட தைச்ச வீடு, அதுக்கப்புறம் வரவே இல்ல.

அவங்க கோபம் நியாயம், ஒத்துக்கிறேன். ஆனா சொல்லாம இருக்க முடியல. அதே ஜாக்கெட்டுக்குக் கூலியில 100 ரூபா குறைச்சுத்தான் கொடுத்திருந்தாங்க. புடவைக்குக் கடைக்காரர் சொன்ன விலையைக் கொடுப்பாங்க, ஆரி வேலைக்கு ஆயிரக்கணக்குல கொடுப்பாங்க, கழுத்தும் கையும் உடம்புல சரியா உட்கார ராத்திரி 12 மணி வரைக்கும் தைக்கிறவகிட்ட மட்டும் பேரம் பேசுவாங்க. வீட்ல தைக்கிறவங்களுக்கு இதுதான் நிலைமை. சரி, நாய்க்கு வர்றேன்.

அந்த அவமானத்துல நான் செஞ்ச முதல் தப்பு, வாரத்துக்கு மூணு தடவை குளிப்பாட்டினது. அதுவும் என் ஷாம்புல, எங்க போர்வெல் உப்புத் தண்ணியில. மனுஷத் தோல் கொஞ்சம் அமிலத் தன்மை, நாய்த் தோல் அப்படி இல்ல. நம்ம ஷாம்பு அதுங்களுக்கு ஒத்துக்காது. எண்ணெய்ப் பசை போய், பொடுகு மாதிரி செதில் செதிலா உதிர ஆரம்பிச்சுது, கூடவே முடியும் அதிகமாச்சு.

ரெண்டாவது தப்பு மொட்டை. கத்திரி ஆரம்பிக்கிறதுக்கு ஒரு வாரம் முன்னாடி ஒரு கடையில விட்டேன். "இன்னும் ஆறு மாசத்துக்குக் கவலையே இல்லம்மா"ன்னு சொல்லி ஒட்ட வழிச்சு அனுப்பினாங்க. லேப்ரடாருக்கு முடி ரெண்டு அடுக்கு. மேல முரட்டு முடி, அடியில பஞ்சு முடி. வெயிலும் சூடும் நேரா தோல்ல இறங்காம தடுக்கிறது அந்த அடுக்குதான். நாய்க்கு நம்ம மாதிரி உடம்பு பூரா வேர்க்காது, பாதத்துல மட்டும்தான். நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கித்தான் உடம்பைக் குளிர வைச்சுக்கும். அதனால முடியை எடுத்தா குளுமை வராது. வேலூர் மே மாச வெயில் உங்களுக்குத் தெரியலாம், 105 டிகிரியை சர்வசாதாரணமா தொடும். நாலே நாள்ல ரோஸி முதுகு ரோஸ் கலர்ல வெந்து போச்சு. முடி கொட்டுறதும் நிக்கல. முன்னெல்லாம் நீள முடி, துணியை உதறினா போகும். இப்போ அரிசி நீளத்துக்குத் துண்டு முடி, துணியில ஊசி மாதிரி குத்தி நின்னுச்சு. ஒவ்வொண்ணா பிடுங்கினேன்.

அப்புறம்தான் பெரிய விஷயம். முடி வளரல. ஆடி போச்சு, ஆவணி போச்சு, ரெண்டு விலாப் பக்கமும் ஒரே அளவுல வெறுந்தோலா இருந்துச்சு. வால்ல முடி போய் எலி வால் மாதிரி ஆச்சு. சாப்பாட்டைக் கூட்டவே இல்ல, உடம்பு ஊதிட்டே போச்சு. கேட் சத்தம் கேட்டாலும் எழுந்திருக்க மாட்டா. வயசு 6 ஆச்சு, வெயில் வேற, சோம்பேறியாயிட்டான்னு எல்லாரும் சொன்னாங்க, நானும் நம்பினேன். ஒரு இடத்துல காட்டினேன், சொறின்னு சொல்லித் தடவ லோஷன் கொடுத்தாங்க. ரெண்டு மாசம் தடவினேன்.

கடைசியில அரசு கால்நடை மருத்துவமனைக்கு ஆட்டோவுல கூட்டிட்டுப் போனேன். ஆடு மாடுங்களோட வரிசையில நின்னோம். சின்ன வயசு டாக்டரம்மா ஒருத்தங்க இருந்தாங்க. தோலைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்ல பார்த்து, "சொறிப் பூச்சி இல்லம்மா"ன்னாங்க. அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க: "வழிச்ச இடத்துல முடி திரும்ப வந்துச்சா?" வரலன்னேன். உடனே ரத்தப் பரிசோதனைக்கு எழுதினாங்க. தைராய்டு சுரப்பு குறைவு. எனக்கு இருக்கிற அதே வியாதி. உடம்பு ஊதுறது, சோர்வு, முடி கொட்டுறது எல்லாம் என் உடம்புலயே அனுபவிச்சவ நான். என் கால்மாட்டுல படுத்திருந்தவளுக்கும் அதேதான்னு எனக்குத் தோணவே இல்ல. அன்னைக்கு ராத்திரி நான் சாப்பிடல.

மாத்திரையும் எனக்குக் கொடுக்கிற அதே மருந்துதான், தைராக்சின். ஆனா அளவைப் பார்த்து நான் பயந்துட்டேன். 68 கிலோ இருக்கிற எனக்கு நாளைக்கு 100 மைக்ரோகிராம். 34 கிலோ ரோஸிக்கு 600, அதுவும் காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. மருந்துக் கடைக்காரர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டுத் தர மாட்டேன்னுட்டார். டாக்டரம்மாவுக்கு போன் போட்டேன். நாய் உடம்பு இந்த மருந்தைச் சீக்கிரம் கழிச்சுடும், அதனாலதான் அளவு அதிகம்னு விளக்கினாங்க. இதைப் படிச்சுட்டு வீட்ல இருக்கிற உங்க மாத்திரையை எடுத்து நாய்க்குக் கொடுத்துடாதீங்க. ரத்தம் பார்க்காம அளவு சொல்ல முடியாது, அதிகமானா இதயம் படபடக்கும்.

மூணாவது வாரம் கேட் சத்தத்துக்கு எழுந்தா. ஆனா முடி முன்னைவிட அதிகமா கொட்டுச்சு! பழைய செத்த முடி விழுந்துட்டுப் புதுசு வரும், பயப்படாதீங்கன்னு டாக்டரம்மா முன்னாடியே சொல்லியிருந்தாங்க, இல்லன்னா நிறுத்தியிருப்பேன். முழுசா மூட அஞ்சு மாசம் ஆச்சு.

"இந்த ஊர் வெயில்ல லேப்ரடார் எதுக்கு, நாட்டு நாய் வளர்க்கலாமே"ன்னு கீழ யாராவது எழுதுவீங்க. சரிதான், ராஜபாளையமோ சிப்பிப்பாறையோ நம்ம ஊருக்கு ஏத்ததுதான். ஆனா ரோஸி வீட்டுக்கு வந்தாச்சு, அவளை எங்க அனுப்பச் சொல்றீங்க? "எல்லா நாய்க்கும் தைராய்டுன்னு கிளப்பாதீங்க"ன்னும் சொல்வீங்க. அப்படி நான் சொல்லல. உடம்பு பூரா சீரா கொட்டி, தோல் நல்லா இருந்து, நாய் துள்ளிட்டு இருந்தா அது அந்த ஜாதியோட இயல்பு. நிறுத்தவே முடியாது, எங்க விழணும்னு மட்டும் நாம முடிவு பண்ணலாம். திட்டுத் திட்டா போனா, நாத்தம் அடிச்சா, ராத்திரி பூரா சொறிஞ்சா, டாக்டர்கிட்ட போங்க. உண்ணி இருக்கான்னு காதுக்குள்ளயும் கால் விரல் இடுக்குலயும் பாருங்க. மண்ணெண்ணெய் தடவச் சொல்வாங்க, தோல் வெந்துடும், வேண்டாம்.

இப்போ நான் செய்யறது இவ்வளவுதான். சாயங்காலம் மொட்டை மாடியில ரப்பர் பிரஷ்ஷால பத்து நிமிஷம் வாருவேன், விழற முடி அங்கேயே விழும். குளியல் மாசத்துக்கு ஒரு தடவை, நாய் ஷாம்பு, நல்லா அலசி, அடி முடி காயற வரைக்கும் துவட்டணும். வெறும் தயிர் சோறு போட்டுட்டு இருந்ததை மாத்தி முட்டை, கோழி, வாரத்துல ரெண்டு நாள் மத்தி மீன் வேக வைச்சு முள் எடுத்துக் கொடுக்கிறேன். மேஜை மேல வெள்ளை வேட்டி விரிச்சுத்தான் துணி வெட்டுறேன். தைச்சு முடிச்சதும் ஈர ரப்பர் கையுறையால ஒரே பக்கமா தடவினா முடி உருண்டு வந்துடும், அப்புறம் உடனே கவர்ல போட்டுடுவேன்.

ஒருவேளை இதைப் படிக்கிறதுக்குள்ள மொட்டை போட்டிருந்தீங்கன்னா, காலையில 9 மணிக்கு மேல வெயில்ல விடாதீங்க, வழிச்ச தேதியைக் காலண்டர்ல குறிச்சு வைங்க. சில நாய்க்கு வியாதி இல்லாமலேயே முடி வர ஒரு வருஷம்கூட ஆகுமாம். இருந்தாலும் நாலு மாசம் ஆகியும் அந்த இடம் வெறுந்தோலா இருந்தா, டாக்டர்கிட்ட அந்தத் தேதியைச் சொல்லி ரத்தம் பார்க்கக் கேளுங்க.