குரூப் பேக்கேஜ் இல்லாம நாமளே நேபாளத்துல அன்னபூர்ணா மலைகளைச் சுத்தி நடக்கற அன்னபூர்ணா சர்க்யூட் ட்ரெக் போகலாமா? 5,400 மீட்டர்லாம் உடம்பு தாங்குமா?

தாராளமா போகலாம். வழி தெரியாம மாட்டிக்குவோமோன்னுதான் நிறைய பேர் பயப்படறாங்க, ஆனா இந்த ரூட்ல அது பெரிய விஷயமே இல்ல, அக்டோபர் நவம்பர் சீசன்ல முன்னாடியும் பின்னாடியும் ஆள் நடந்துக்கிட்டே இருப்பாங்க, வழி நெடுக ஊர், ஊருக்கு ஊர் டீ ஹவுஸ், படுக்க கட்டிலும் சாப்பிட தால் பாத்தும் கிடைச்சுடும், டென்ட் தூக்கற வேலையே இல்ல. அங்க ஆளைச் சாய்க்கறது உயரம்தான்.

நம்ம தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர். இந்த ரூட்ல வர்ற மனாங் கிராமம் 3,540, தாண்ட வேண்டிய தோரோங் லா கணவாய் 5,416. அந்தக் கணவாய் மேலயும் காத்துல ஆக்சிஜன் அதே 21 சதவீதம்தான், ஆனா காத்தழுத்தமே கடல் மட்டத்துல இருக்கறதுல கிட்டத்தட்ட பாதிதான்ங்கறதால ஒவ்வொரு மூச்சுலயும் உள்ள போறதும் பாதிதான். உடம்பு இதுக்குப் பழகிக்கும், ஆனா அவசரப்படுத்த முடியாது. தினமும் பத்து கிலோமீட்டர் ஓடறவங்கள இது விட்டுடும்னு நினைக்காதீங்க, காலுல தெம்பு இருக்கறவங்கதான் வேகமா ஏறி சீக்கிரம் படுத்துக்கறாங்க.

கணக்கு இதுதான்: 3,000 மீட்டர் தாண்டினதும் தூங்கற உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல கூடக்கூடாது, மூணு நாலு நாளைக்கு ஒரு தடவை அதே ஊர்ல இன்னொரு ராத்திரி. பகல்ல எவ்ளோ ஏறினாலும் கீழ வந்து தூங்கினா சரி, அதனாலதான் மனாங் பக்கம் தங்கறவங்க 4,600 மீட்டர்ல இருக்கற ஐஸ் லேக் வரைக்கும் ஏறிட்டு சாயங்காலம் திரும்பிடறாங்க.

நான் பேக்கேஜ் வேணாம்னு சொல்றதுக்குக் காரணமே இதுதான். பேக்கேஜ்ல எந்த ராத்திரி எங்கன்னு முன்னாடியே எழுதி வெச்சிருப்பாங்க, தலைவலி வந்தவங்க நம்மளால எல்லாருக்கும் லேட் ஆகுதேன்னு வாயைத் திறக்காம ஒரு பாராசிட்டமால் போட்டுக்கிட்டு அடுத்த கேம்ப்புக்கும் ஏறிடுவாங்க, ஆபத்து அங்கதான் ஆரம்பிக்குது. உங்க இஷ்டத்துக்குப் போனா மனாங்குக்கு மேல இருக்கற யாக் கர்க்காவுல இன்னொரு நாள் இருக்கலாம், சரிப்படலன்னா இறங்கிடலாம், யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். ரிட்டர்ன் டிக்கெட் போடும்போதே மூணு நாலு நாள் எக்ஸ்ட்ரா வெச்சுப் போடுங்க, அந்த நாளுங்க இல்லன்னா தனியா போயும் பிரயோஜனம் இல்ல.

இப்போ ஜீப் ரோடு மனாங் வரைக்கும் வந்துடுச்சு. 760 மீட்டர்ல இருக்கற பேசிசஹார்லேர்ந்து நேரா அங்க போய் இறங்கறாங்க, தயவுசெஞ்சு அதைப் பண்ணாதீங்க. சாமேல (2,670) இறங்கி நடங்க, அப்பர் பிசாங்லேர்ந்து க்யாரு, நாவல் வழியா மேல் பாதையில போங்க, மூச்சு வாங்கும், ஆனா அன்னபூர்ணா சிகரங்கள் கண்ணுக்கு நேரா நிக்கும், உடம்பும் பழகும்.

தலைவலியோட குமட்டலோ தலைசுத்தலோ சேர்ந்தா அன்னிக்கு மேல ஏறாதீங்க, குறையலன்னா இறங்குங்க. நேர்கோட்டுல அடிமேல் அடி வெச்சு நடக்க முடியாம தள்ளாடினாலோ, சும்மா உக்காந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ ராத்திரின்னு பாக்காம உடனே கீழ கொண்டு போகணும், தனியா அனுப்பக் கூடாது. மலை நோய்க்குப் போடற டயமாக்ஸ் மாத்திரை வேணும்னா ஊர்லயே டாக்டர்கிட்ட கேட்டு வாங்குங்க, சல்ஃபா அலர்ஜி இருந்தா கண்டிப்பா சொல்லுங்க. மனாங்ல ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் சீசன்ல மருத்துவ மையம் நடத்தறாங்க, மலை நோய் பத்தி மதியத்துல பேசுவாங்க, அதுக்குப் போய் உக்காருங்க. இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது எத்தனை மீட்டர் வரைக்கும், ஹெலிகாப்டர் உண்டான்னு படிச்சுப் பாருங்க, நிறைய பாலிசி கணவாய் உயரத்துக்கு வர்றதே இல்ல.

ரூல் பத்தி ஒண்ணு. 2023 ஏப்ரல்லேர்ந்து வெளிநாட்டு ட்ரெக்கர்ஸ் லைசென்ஸ் உள்ள கைடோடதான் போகணும்னு நேபாளத்துல விதி வந்திருக்கு. ரிஜிஸ்டர் ஆன ஏஜென்சில உங்களுக்குன்னு ஒரு கைடு மட்டும் எடுத்துக்கோங்க, எங்க எத்தனை நாள் தங்கறதுங்கறது என் முடிவுன்னு முதல் நாளே பேசிடுங்க.

அக்டோபர்ல போறவங்க வங்காள விரிகுடாவையும் பாத்துக்கிட்டே இருங்க. 2014 அக்டோபர் 12ல விசாகப்பட்டினத்துல கரை கடந்த ஹுட்ஹுட் புயலோட மிச்சம்தான் ரெண்டு நாள்ல தோரோங் லாவுல பனிப்புயலா கொட்டிச்சு, அந்தப் பகுதியில 40 பேருக்கு மேல செத்துப் போனாங்க. புயல் சின்னம் இருக்குன்னா மனாங்லயே இருந்துடுங்க.

கணவாய் தாண்டி இறங்கற முக்திநாத் கோயில்தான் திருமங்கையாழ்வார் பாடின சாளக்கிராமம், அதனால அப்பா அம்மாவை நேரா அங்க வரச் சொல்றவங்களும் இருக்காங்க. அதுவும் 3,700 மீட்டருக்கு மேல, அவங்க கிளம்பி வர்ற போக்ரா நகரமோ 800 சொச்சம்தான். அவங்கள ஜோம்சோம்ல (2,720) ராத்தங்க வெச்சு, காலையில கூட்டிட்டுப் போய் சேவிச்சுட்டு, அன்னிக்கே கீழ இறக்கிடுங்க.