வாசகர் கேள்வி – பதில்: கூண்டுப் பறவைகளுக்கு வீட்டில் விளையும் பசுந்தீனி

கேள்வி: ஐயா, எங்கள் வீட்டில் நான்கு பட்ஜிகள் (சின்னக் கூண்டுக் கிளிகள்) வளர்கின்றன. காய்ந்த தினையை மட்டுமே கொடுத்து வருகிறோம். முளைகட்டிய தானியம் நல்லது என்று கேள்விப்பட்டு, மளிகைக் கடைத் தினையை ஊறவைத்துப் பார்த்தேன். முளைக்கவே இல்லை; புளித்து நாற்றமடித்தது. எங்கே தவறு? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: தங்கள் கைப்பக்குவத்தில் தவறில்லை, தானியத்தில்தான் தவறு. மளிகைக் கடையில் கிடைப்பது சமையலுக்கான தினையரிசி. உமி நீக்கித் தீட்டும்போது முளைக்கரு அடிபட்டுவிடுவதால், அது பெரும்பாலும் முளைக்காமல் ஊறி அழுகிவிடும். உமியோடு கூடிய முழுத் தினையைப் பறவைத் தீனிக் கடையிலோ, விளைவித்த விவசாயியிடமோ கேட்டு வாங்குங்கள். ஆனால் விதைப்புக்கென்று பொட்டலமிட்டு விற்கப்படும் விதையை எக்காரணம் கொண்டும் வாங்காதீர்கள். அவற்றில் பல, பூஞ்சாணக்கொல்லி மருந்து கலந்து இளஞ்சிவப்பு போன்ற சாயமேற்றப்பட்டவை. கழுவினால் போய்விடும் என்று நம்பிக் கொடுப்பது முப்பது, நாற்பது கிராம் எடையுள்ள ஒரு சின்ன உயிருக்கு நஞ்சூட்டுவதாகும்.

நான்கு பட்ஜிகளுக்கு ஒரு வேளைக்கு இரண்டு தேக்கரண்டி விதை போதும். இரவில் மூன்று நான்கு முறை அலசி, மிதக்கும் சருகையும் பதரையும் நீக்கி, எட்டு மணி நேரம் ஊறவிடுங்கள். காலையில் தேநீர் வடிகட்டியில் கொட்டி, நீர் முழுவதும் வடிந்த பின் மெல்லிய துணியால் மூடி, நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் வையுங்கள். காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் நல்ல தண்ணீரில் அலசி மீண்டும் வடியவிட வேண்டும். அடியில் துளி நீர் தேங்கினாலும் அங்கிருந்துதான் கெடத் தொடங்கும். மறுநாளோ அதற்கடுத்த நாளோ உமியைப் பிளந்துகொண்டு வெள்ளை நுனி எட்டிப் பார்க்கும். அதுதான் கொடுக்க வேண்டிய பருவம். நீளமாக வளரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

கொடுக்கும் முன் ஒருமுறை முகர்ந்து பாருங்கள். பச்சை வாசனை வர வேண்டும். புளிப்பு வாடையோ, விரலில் வழவழப்போ தெரிந்தால் முழுவதையும் கொட்டிவிடுங்கள். காய்ந்த தீனியோடு கலக்காமல் தனிக் கிண்ணத்தில் வைத்து, நம் ஊர் வெயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் மிச்சத்தை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: பால் பிடித்த கதிரைப் பறவைகள் விரும்பித் தின்னும் என்கிறார்கள். மாடியில் தொட்டி வைத்து விளைவிக்க முடியுமா? (வாசகர், ஈரோடு)

பதில்: தாராளமாக முடியும், செலவும் குறைவு. பட்ஜிகளின் தாயகம் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாடு. அங்கே மழை பெய்து, புற்கள் கதிர்விட்டு மணி முற்றிவரும் காலத்தில்தான் அவை கூட்டம் கூட்டமாக முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றன. அரைப்பதமான மணி என்பது அவற்றின் உடல் அறிந்த உணவு. ஆண்டு முழுவதும் காய்ந்த விதையையே தின்னும் பறவைக்கு வைட்டமின் ஏ, சுண்ணாம்புச் சத்து இரண்டும் குறைந்துபோவதைக் கால்நடை மருத்துவர்கள் தொடர்ந்து பார்த்து வருகிறார்கள். அதனால்தான் இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் விரிவாக எழுத விரும்புகிறேன்.

ஒரு சாண் ஆழமுள்ள அகலமான தொட்டியில் மண், மணல், மட்கிய தொழுவுரம் மூன்றையும் கலந்து நிரப்பி, தினையை மெல்லத் தூவி, விதை மறையும் அளவுக்கு மட்டும் மண் போடுங்கள். நெருக்கமாக முளைத்தவற்றைக் களைந்து, செடிக்குச் செடி நான்கு விரல் இடைவெளி விடுங்கள். களைந்த நாற்றையும் கழுவிக் கொடுக்கலாம். பறவைகள் கோதித் தின்னும். தினை 80 முதல் 90 நாள் பயிர். பூ முடிந்து சுமார் இரண்டு வாரத்தில் கதிரிலிருந்து ஒரு மணியைக் கிள்ளி நகத்தால் நசுக்குங்கள். வெள்ளைப் பால் பீச்சினால் அறுக்கலாம். மாவாக உடைந்தால் பருவம் சற்றுத் தாண்டிவிட்டது, ஆனாலும் வீணில்லை. பதினைந்து நாளுக்கு ஒரு தொட்டி வீதம் விதைத்து வந்தால் கதிர் ஓயாது. மிஞ்சியதை உலர்ந்த நிலையில் பையிலிட்டு உறைபெட்டியில் வைத்தால் சில மாதங்களுக்குக் கெடாது.

கதிர் பால் பிடித்ததும் சிட்டுக்குருவியும் சில்லையும் வந்துவிடும். அவற்றின் எச்சம் பட்ட கதிர் மூலம் கூண்டுப் பறவைகளுக்கு நோய் தொற்றக்கூடும் என்பதால், கதிர்களுக்கு மெல்லிய துணிப்பை கட்டிவிடுங்கள். கம்பு விதைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கதிரில் தேன்போல் ஒட்டும் துளிகள் கசிந்து, பிறகு மணிக்குப் பதிலாகக் கறுத்த கெட்டியான கட்டிகள் தோன்றினால் அது தேனொழுகல் நோய். அந்தக் கட்டிகள் நச்சு. ஒன்றிரண்டுதானே என்று பிடுங்கிவிட்டு மீதியைக் கொடுக்காமல், கதிரையே அழித்துவிடுங்கள்.

கேள்வி: சோளத்தையும் ராஜ்மாவையும் முளைகட்டிக் கொடுக்கலாமா? (வாசகர், மதுரை)

பதில்: இரண்டும் வேண்டாம். இளம் சோளப் பயிரை மேய்ந்த மாடு சுருண்டு விழுவதைக் கிராமத்தில் பலர் பார்த்திருப்பார்கள். சோள முளையிலும் நாற்றிலும் சயனைடாக மாறும் பொருள் இருப்பதே காரணம். ராஜ்மாவின் நச்சு நன்றாக வேகவைத்தால்தான் அடங்கும், முளைகட்டினால் போகாது. பச்சைப் பயறு முளை நல்லது.

கேள்வி: எந்தக் கீரையைக் கொடுப்பது? பாலக் கொடுக்கக் கூடாது என்கிறார்களே? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: பாலக், தண்டுக்கீரை, சிறுகீரை ஆகியவற்றில் உள்ள ஆக்சலேட், சுண்ணாம்புச் சத்தைப் பிணைத்து உடலில் சேரவிடாது. எப்போதாவது ஓர் இலை தின்றால் கெடுதலில்லை. நாள்தோறும் அதுவே கூடாது. முட்டையிடும் பெட்டைக்கு இது இன்னும் முக்கியம், ஏனெனில் சுண்ணாம்பு குறைந்தால் முட்டை உள்ளேயே சிக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. சுண்ணாம்புச் சத்துக்காகக் கூண்டில் எப்போதும் ஒரு கணவாய் மீன் ஓடு தொங்கட்டும்.

என் முதல் தேர்வு முருங்கைக்கீரை. அடுத்தது கொத்தமல்லியும் வெந்தயக்கீரையும்; சமையலறை ஜன்னலோரத் தட்டிலேயே இரண்டும் வளரும். தனியாவை இரண்டாகப் பிளந்து விதைக்க வேண்டும். வெந்தயம் அப்படியே தூவினால் போதும். வீட்டில் வளர்ப்பதன் பெரிய நன்மை, பூச்சிமருந்து படாத இலை என்ற நிம்மதிதான். வெங்காயம், பூண்டு, அவகாடோ ஆகியவற்றைக் கூண்டின் அருகிலேயே கொண்டுபோகாதீர்கள்.

புதுத் தீனியைக் கண்டு மிரளும் பறவைக்கு, காலையில் பசியோடு இருக்கும்போது, ஈரம் சொட்டும் கொத்தை அது உட்காரும் குச்சியின் அருகே கட்டித் தொங்கவிடுங்கள். ஈர இலையில் உடலைத் தேய்த்துக் குளிக்கப் போய், பிறகு கொத்தத் தொடங்கும். சில பறவைகளுக்கு வாரக்கணக்கில் ஆகலாம். அதற்காகக் காய்ந்த தீனியை நிறுத்திப் பட்டினி போடக் கூடாது.

கேள்வி: கீரை கொடுத்த நாளில் எச்சம் தண்ணீராகப் போகிறது. வயிற்றுப்போக்கா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: கூண்டின் அடியில் வெள்ளைக் காகிதம் விரித்துப் பாருங்கள். எச்சத்தின் நடுவே பச்சையோ பழுப்போ ஆன பகுதி சுருளாகக் கெட்டியாக இருந்து, சுற்றிலும் நீர் மட்டும் கூடியிருந்தால் அது கீரையிலுள்ள நீர், கவலை வேண்டாம். அந்தச் சுருளே கரைந்து குழம்பாகியிருந்தால், அல்லது பறவை சிறகைச் சிலிர்த்துக்கொண்டு பகலிலும் தூங்கி வழிந்தால், பசுந்தீனியை உடனே நிறுத்திவிட்டு அன்றைக்கே பறவை மருத்துவம் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். அந்தக் காகிதத்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அவருக்கு அது பேருதவியாக இருக்கும்.