பிரதிநிதித்துவம் என்றால் என்ன? எல்லாத் துறையிலும் அது ஏன் பேசப்படுகிறது?

முடிவெடுக்கும் இடத்தில் எல்லாராலும் உட்கார முடியாது, அதனால் நமக்காக ஒருத்தர் உட்காருவதுதான் பிரதிநிதித்துவம். யார் உட்காருகிறார் என்பது ஏன் முக்கியம்? நெல்லைப் பக்கத்துக் கன்னடியன் கால்வாயில் தண்ணீர் திறப்பதைப் பற்றிய கூட்டத்துக்கு, தண்ணீர் முதலில் பாயும் தலைமடைக்காரர்கள் மட்டும் போனால் என்ன ஆகும்? அவர்கள் கெட்டவர்கள் என்றில்லை, தண்ணீரில் படரும் அமலைச்செடி (ஆகாயத்தாமரை) எந்த மடையை அடைத்திருக்கிறது, எத்தனை நாளாக வயல் வெடித்துக் கிடக்கிறது என்பதெல்லாம் அவர்கள் கண்ணில் படவே படாது. கால்வாயின் கடைசியில் இருக்கும் கடைமடையிலிருந்து ஒருத்தர் வந்தால்தான் அந்தப் பேச்சே எழும்.

அரசியலிலும் இதே கதைதான். தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பெண்களுக்கு 50 சதவீத இடம் என்று 2016-ல் சட்டம் வந்தது. ஆனால் சில ஊர்களில் தலைவி கையெழுத்து மட்டும் போட, கூட்டத்தில் பேசுவது முழுக்க வீட்டுக்காரர். அதைப் பிரதிநிதித்துவம் என்று நான் சொல்ல மாட்டேன்.

பண்பாட்டில் என்றால், நம்மை எப்படிக் காட்டுகிறார்கள் என்பதும் சேர்ந்துவிடும். சினிமாவில் நெல்லைக்காரன் வந்தாலே 'ஏலே' என்று கத்திக்கொண்டு அரிவாளைத் தூக்க வேண்டுமா? பாளையங்கோட்டையில் பாடம் நடத்தும் வாத்தியார், முக்கூடலில் பீடி சுற்றும் அக்கா இவர்களெல்லாம் எங்கே போனார்கள்?

அப்புறம், தென்காசி நாடாளுமன்றத் தொகுதி மாதிரியான தனித்தொகுதியில் பட்டியல் சாதியினர் மட்டும்தான் ஓட்டுப் போடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தப்பு, வேட்பாளர்தான் அந்தப் பிரிவைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும், ஓட்டு தொகுதி வாக்காளர் எல்லாருக்கும் உண்டு.